பழைய பேப்பரில் பகிடியும் சமையலும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "நீரிழிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கோ டொக்டர்" என்றுதான் கேட்டார். பிறகு விசாரித்துப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்கு வட்டிலப்பம் இருக்கிறதாம். வட்டிலப்பத்துக்கு முன்னால் நின்று நீரிழிவைப் பற்றிப் பேசி உங்கள் சாபத்தை வாங்க எனக்கு விருப்பமில்லை. அந்தப் பேச்சைக் கேட்க வேண்டியவர்கள் திங்கட்கிழமை கிளினிக்குக்கு வாருங்கள்.

ஆகவே பழைய பேப்பரைப் பற்றிப் பேசப்போகிறேன். எங்கள் ஊர்ப் பேப்பர். ஆசிரியர் தலையங்கமும் அரசியல் கட்டுரையும் அல்ல. அவற்றைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் இன்னும் பேசி முடித்ததாகத் தெரியவில்லை. நான் பேசப்போவது உள்பக்கத்து மூலையில் கிடந்த இரண்டு சாமான்களைப் பற்றி. ஒன்று வீட்டுக் குறிப்பு, மற்றது பகிடி.

யாழ்ப்பாணம் பத்திரிகைக்குப் புதிய ஊர் அல்ல. 1841இல் உதயதாரகை, 1889இல் இந்து சாதனம், 1930இல் சுன்னாகத்திலிருந்து நா. பொன்னையாவின் ஈழகேசரி என்று வரிசையாகச் சொல்லலாம். 1920களிலேயே மங்களம்மாள் மாசிலாமணி என்ற பெண்மணி 'தமிழ் மகள்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். ஆனால் எங்கள் அம்மாமாரின் காலைத் தேத்தண்ணியோடு ஒட்டிக்கொண்ட பேப்பர் என்றால் அது ஈழநாடுதான். 1959இல் தொடங்கி 1961இல் நாளிதழானது. கொழும்பில் அச்சடித்து ரெயிலில் வரும் பேப்பரில் எங்கள் ஊர் ஒரு மூலையில்தான் இருக்கும். ஊரிலேயே அச்சான பேப்பர் வந்தபோது, ஊர்ச் சங்கதி முன்பக்கத்துக்கு வந்தது. ஊர்க் குசினி உள்பக்கத்துக்கு வந்தது.

இந்தக் குறிப்புகளும் பகிடிகளும் ஏன் அவ்வளவு குட்டியாக இருந்தன, ஏன் கண்ட கண்ட இடத்தில் கிடந்தன என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்தில் ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோர்த்துத்தான் பக்கம் செய்தார்கள். ஒரு செய்தியைக் கோர்த்து முடிக்க, பத்தியின் அடியில் நாலு விரல் அகலம் மிஞ்சிவிடும். அதை வெறுமையாக விட முடியாது. செய்தியை இழுத்து நீட்டவும் முடியாது. அதற்காகவே துணுக்குகளை முன்கூட்டிக் கோர்த்து வைத்திருப்பார்கள். நாலு விரல் இடத்துக்கு ஒரு பகிடி. இரண்டு விரல் இடத்துக்கு ஒரு வீட்டுக் குறிப்பு. இப்படித்தான் ஒரு மரண அறிவித்தலுக்குக் கீழே, வேட்டியில் வாழைக்கறை பட்டால் என்ன செய்வது என்ற குறிப்பு வந்து குந்தியிருக்கும். யாரும் அதை அவமரியாதையாக எடுத்ததில்லை. செத்தவீட்டிலும் வேட்டியில் வாழைக்கறை படத்தானே செய்யும்.

ஈய எழுத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒன்று விழுந்தால் சொல்லே மாறிவிடும். என் அம்மாவின் கொப்பியில் வெட்டி ஒட்டிய குறிப்பு ஒன்று இருக்கிறது. தலைப்பு 'சேமியாப் பாசம்'. பாயசத்தில் 'ய' விழுந்துவிட்டது. அம்மா கணக்கு ரீச்சராக இருந்தவர். பிழையைக் கண்டால் கை தானாகச் சிவப்புப் பேனையைத் தேடும். இந்தப் பிழையை மட்டும் திருத்தவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒரு பிறந்தநாள் வந்தால், "பாசம் காய்ச்சவோ?" என்றுதான் கேட்பது.

அந்தக் கொப்பியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெண்கள் பகுதியில் எழுதியவர்கள் எல்லாரும் பெண்கள் என்று நம்பிவிடாதீர்கள். ஆண்கள் பெண் பெயரில் எழுதுவது தமிழ்ப் பத்திரிகை உலகில் பழைய சங்கதி. எந்தக் குறிப்பு ஆண் எழுதியது, எது பெண் எழுதியது என்று கண்டுபிடிக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். 'மூன்று தேங்காயின் பாலை எடுத்து வைத்துக்கொள்ளவும்' என்று அரை வரியில் முடித்திருந்தால் அது ஆண். மூன்று தேங்காய் என்றால் உரிக்க வேண்டும், உடைக்க வேண்டும், திருவலையில் குந்தியிருந்து திருவ வேண்டும், முதற்பால் இரண்டாம்பால் என்று பிழிய வேண்டும். அவர் தன் வாழ்நாளில் கண்டது பாலை மட்டுந்தான். மாறாக, 'உளுந்தை முதல் நாள் இரவே ஊறப்போடவும், மறந்துபோனால் விடியற்காலையில் சுடுநீரில் போடவும்' என்று இருந்தால் அது பெண். மறதிக்கும் ஒரு வழி வைத்து எழுதுகிறவள் குசினியில் நின்றவளாகத்தான் இருப்பாள்.

பெண்ணே எழுதினாலும் பெயர் எப்படி வரும்? முன்னால் 'திருமதி', பிறகு கணவரின் முதலெழுத்தும் கணவரின் பெயரும், பிறகு ஊர். ஒரே பெண்மணி பத்துப் பதினைந்து குறிப்பு எழுதியிருப்பார், அவருடைய சொந்தப் பெயர் ஒன்றிலும் இராது. சமைத்தவர் அவர், எழுதியவர் அவர், தபாற்கட்டணம்கூட அவருடைய முட்டைக் காசாக இருந்திருக்கும். கையொப்பம் மட்டும் இவருடையது.

பகிடிக்கு வருவோம். உண்மையைச் சொன்னால், பாதிக்கு மேல் சிரிப்பு வராது. மனைவியின் சமையல், மாமியாரின் வாய், சீதனம், கலியாணத் தரகர் என்று நாலே நாலு கிணறுதான், எல்லாரும் அதற்குள்தான் வாளியை விட்டார்கள். இடியப்பம் கயிறு மாதிரி இருக்கிறது என்று கணவன் சொல்ல, மனைவி அதற்கு ஒரு பதில் சொல்லுகிற பகிடி ஒன்று இருக்கிறது. அது உடுப்பை மாற்றி மாற்றி ஒரு தலைமுறை முழுக்க ஓடியது. கருகின சோறு, தண்ணீராய்ப் போன சாம்பார், கல்லுப்போன்ற வடை. இந்தப் பகிடிகளை மட்டும் வாசித்து ஒருவன் எங்கள் ஊரைப் பற்றி எழுதப் புறப்பட்டால், யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்ணுக்கும் சமைக்கத் தெரியாது என்று எழுதுவான். அதே பக்கத்தில், இரண்டு விரல் தள்ளி, கூழுக்கு ஒடியல் மாவை எவ்வளவு நேரம் ஊறவிட்டு மேல்நீரை ஊற்ற வேண்டும் என்று ஒரு பெண் அளந்து எழுதியிருப்பாள். அவளைப் பார்த்தா இந்தச் சிரிப்பு என்று எனக்குக் கோபம் வருவதும் உண்டு.

டொக்டர் பகிடிகள் இன்னொரு இனம். அவற்றில் டொக்டர் என்றால் எப்போதும் ஆண். அதுவும் பெரும்பாலும் நோயாளியைப் பார்க்கிற டொக்டர் அல்ல, பெண் பார்க்க வருகிற டொக்டர். அவருடைய விலைக்கு ஒரு பகிடி, அவருடைய தாய்க்கு ஒரு பகிடி. இணுவிலில் மக்லியொட் மகளிர் ஆஸ்பத்திரி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இருந்தது. பெண் வைத்தியர்களை எங்கள் ஊர் நூறு வருடத்துக்கு மேலாகக் கண்டிருக்கிறது. பகிடிப் பக்கத்துக்குள் மட்டும் ஒரு பெண் டொக்டர் வரவேயில்லை. அவளுக்குச் சீதன விலை கட்டத் தெரியாமல் விட்டார்களோ தெரியாது.

இந்த இடத்தில் சிரித்திரனைச் சொல்லாமல் போனால் இந்த மண்டபத்தில் இருக்கும் பாதிப் பேர் என்னை மன்னிக்கமாட்டார்கள். அது பேப்பர் அல்ல, சஞ்சிகை. 1963இல் கொழும்பில் தொடங்கி 1971இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. நடத்தியவர் கரவெட்டிக்காரரான சி. சிவஞானசுந்தரம். கட்டடக்கலை படிக்கப் பம்பாய்க்குப் போய், கேலிச்சித்திரக்காரராகத் திரும்பி வந்தவர். ஒரு யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனுக்கு இதைவிடப் பெரிய கெட்ட கனவு இருக்க முடியாது. ஆனால் அந்தக் கனவு எங்களுக்குச் சவாரித்தம்பரைத் தந்தது, மெயில் வாகனத்தாரைத் தந்தது, மிஸிஸ் டாமோடிரனைத் தந்தது. தாமோதரன் என்ற நல்ல பெயரை ஒரு வெள்ளைக்காரன் வாயில் போட்டு மென்று துப்பினால் வருகிற சத்தம் அது. அந்தப் பெயரிலேயே முழுப் பகிடியும் முடிந்துவிடுகிறது. கருகின சோற்றை விட்டுவிட்டு எங்கள் பகட்டைப் பிடித்தவர் அவர். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தும் காசு கொடுத்து வாங்கி வாசித்த ஊர் நாங்கள். அந்த விஷயத்தில் எனக்கு ஊரைப் பற்றிக் கொஞ்சம் பெருமைதான்.

சரி, குசினிக்குத் திரும்புவோம். 1970களின் முதற்பாதியை மூத்த அக்காமார் மறந்திருக்கமாட்டீர்கள். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். எங்கள் தோட்டக்காரருக்கு வெங்காயமும் மிளகாயும் காசு கொட்டின காலம். அதே தோட்டக்காரரின் பெண்சாதி பாணுக்கும் சீனிக்கும் சங்கக்கடையில் வரிசையில் நின்ற காலம். இரண்டும் ஒரே வீட்டில் நடந்தது. அரிசிக்குப் பதில் மரவள்ளி சாப்பிடுங்கள் என்று நாடே சொன்னது. அம்மாவின் கொப்பியில் அந்த வருடங்களில் மரவள்ளிக்கு மட்டும் பதினொரு குறிப்பு இருக்கிறது. பிட்டு, வடை, ரொட்டி, பொரியல், இன்னும் என்னென்னவோ. நடுவில் ஒரு பகிடி. மாப்பிள்ளை வீட்டார் வந்து, வீடும் வேண்டாம் வளவும் வேண்டாம், மாதாமாதம் இரண்டு இறாத்தல் சீனி எழுதித் தந்தால் போதும் என்கிறார்களாம். சீதனக் கிணற்றிலிருந்து அள்ளினதுதான். ஆனால் இந்தத் தடவை வாளியில் வேறு தண்ணீர் வந்திருக்கிறது.

மரவள்ளியைப் பற்றி ஒரு டொக்டர் பேசாமல் இருக்க முடியாது. வட்டிலப்பத்தை விட்டேன், இதை விடமாட்டேன். மரவள்ளி சாப்பிட்டபின் இஞ்சி சேர்க்கக்கூடாது, சேர்த்தால் நஞ்சு என்று எங்கள் எல்லாருக்கும் சொல்லித்தான் வளர்த்தார்கள். பேப்பர்களும் அதைச் சொல்லின. உண்மையில் நஞ்சு கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. கிழங்கைச் சீவி வெட்டும்போது அதிலுள்ள ஒரு சேர்மம் உடைந்து ஐதரசன் சயனைட்டு உண்டாகிறது. அது 26 பாகை செல்சியசிலேயே ஆவியாகிவிடும். ஆகவே செய்ய வேண்டியது சின்ன வேலை. கிண்டின கிழங்கை வைத்திராமல் சமைக்க வேண்டும், நீலக்கோடு ஓடின கிழங்கை எறிய வேண்டும், நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். இஞ்சியை நாங்கள் பயபக்தியோடு விலக்கினோம். மூடியை மறந்துவிட்டோம். அம்மா வெட்டி வைத்த மரவள்ளிக் குறிப்பு ஒன்றின் கடைசி வரியில் மூடியைப் பற்றி இருக்கிறது. எழுதியவர் ஒரு 'திருமதி'. அந்த வரிக்குக் கீழே அம்மா பென்சிலால் இரட்டைக்கோடு போட்டிருக்கிறார். எனக்கு அந்தக் கோட்டின் அர்த்தம் விளங்க மருத்துவ பீடத்துக்குப் போக வேண்டியிருந்தது.

எல்லாக் குறிப்பும் நல்ல குறிப்பு என்று சொல்ல நான் வரவில்லை. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று எழுதினார்கள். சுட்ட புண்ணில் வெண்ணெய் பூசச் சொன்னார்கள். பாகற்காய்ச் சாறு குடித்தால் சீனி வருத்தம் ஓடிவிடும் என்றார்கள். அது ஓடவில்லை, என் கிளினிக்கில்தான் இருக்கிறது. தாய்ப்பாலின் அருமையைச் சொல்லும் கட்டுரைக்குப் பக்கத்திலேயே கொழுத்த குழந்தையின் படத்தோடு பால்மா விளம்பரம் வரும். எந்தத் தாய்க்கும் தன் பிள்ளை மெலிவாகத்தான் தெரியும். அப்படிப்பட்ட விளம்பரங்களைக் கட்டுப்படுத்த உலக சுகாதார நிறுவனம் விதிக்கோவை கொண்டுவந்தது 1981இல்தான். அந்தக் காலத்து நோயாளிகள் மடித்துக் கசங்கின ஒரு பேப்பர்த் துண்டை எடுத்து, "இதில போட்டிருக்கு டொக்டர்" என்று காட்டுவார்கள் என மூத்த வைத்தியர்கள் சொல்வார்கள். இப்போது கைபேசியை நீட்டுகிறார்கள். முன்பு ஒருவரிடம் ஒரு துண்டுதான் இருக்கும், அதை மறுத்துச் சொல்ல நேரம் இருக்கும். இப்போது நான் ஒன்றுக்குப் பதில் சொல்லி முடிக்க முன்னர் அடுத்தது வந்து விழுந்துவிடுகிறது.

இனி என் தலைமுறை. 1990 நடுப்பகுதியில் மின்சாரம் போனபோது நான் ஆண்டு 6. மின்சாரம் போனது, பிறகு மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி, பெற்றோல் என்று ஒவ்வொன்றாகப் போனது. அச்சுத்தாளும் போனது. உதயன் பேப்பர் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்ததை என் வயதுக்காரர் மறக்க முடியாது. கோட்டுக்கு மேலே செய்தியும் கோட்டுக்குக் கீழே செய்தியுமாக, யாரோ ஒரு பிள்ளையின் வீட்டுப்பாடம் மாதிரி இருக்கும். எங்கள் வகுப்பில் ஒருத்தி அதைக் கொப்பியோடு சேர்த்து வைத்துக் கொடுத்துவிட்டாள். ரீச்சர் திருத்திவிட்டுத்தான் திருப்பித் தந்தார். இரண்டு எழுத்துப் பிழைக்குச் சிவப்புக்கோடு.

அந்தக் காலத்து வீட்டுக் குறிப்பு எதிலும் முந்திரிகைப் பருப்பு இல்லை. ஜாம் போத்தல் விளக்கு இருந்தது. போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சு நனையுமளவுக்கு மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக்குள் விட்ட திரி. அந்த வெளிச்சத்தில்தான் நான் க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படித்தேன். இந்த மண்டபத்தில் என்னைப்போல் எத்தனை பேர் என்று கை உயர்த்தச் சொல்ல மாட்டேன், வயது தெரிந்துவிடும். பல வருடம் கழித்து, கொழும்பில் பயிற்சியில் இருந்தபோது, டொக்டர் விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணரைப் பற்றி அறிந்தேன். போத்தல் விளக்கு சரிந்து எரிகாயத்தோடு வந்தவர்களைக் கண்டு கண்டு, சரியாத ஒரு விளக்கை அவரே வடிவமைத்தார். குட்டையானது, கனமானது, திருகு மூடி போட்டது. மார்மைற் போத்தலைப் பார்த்து வந்த யோசனை. 1998இல் அதற்காக அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. எங்கள் ஜாம் போத்தலில் எண்ணெய் முழுவதும் பஞ்சுக்குள் ஊறிக் கிடந்ததால், சரிந்தாலும் ஊற்றுப்பட ஒன்றும் இராது. சிக்கனத்துக்காகச் செய்த காரியம் எங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

சவர்க்காரத்துக்குப் பனம்பழம். களியைப் பிசைந்து துணி தோய்த்தால் நுரையும் வரும், அழுக்கும் போகும். குறிப்பில் அவ்வளவுதான் போட்டிருந்தது. தோய்த்த உடுப்பைக் கொடியில் போட்டால் மாடு வந்து தின்னும் என்று போடவில்லை. பனம்பழ வாசத்துக்கு எங்கள் ஒழுங்கை மாடெல்லாம் வந்து வேலிக்குமேல் தலையை நீட்டின. என் வெள்ளைச் சீருடையின் ஒரு கையை முன்வீட்டுப் பசு மென்று விழுங்கியது. ஒரு கை இல்லாத சட்டைக்கு அம்மா பழைய தலையணை உறையில் கை வைத்துத் தைத்தார். அது மற்றக் கையைவிட வெள்ளையாக இருந்தது. அதன் பிறகு எங்கள் வகுப்பில், உடுப்புக் காய்கிறவரை காவல் இருந்ததால் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று யார் சொன்னாலும் ரீச்சர் நம்ப வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் இப்போது சொல்லிச் சிரிக்கிறோம். அப்போது பேப்பரின் முன்பக்கத்தில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். குண்டு எங்கே விழுந்தது, எத்தனை பேர். அம்மா பேப்பர் வந்ததும் முன்பக்கத்தைப் பார்க்காமல் உள்பக்கத்தைத்தான் திறப்பார். எனக்கு அது பிடிப்பதில்லை. ஊர் எரிகிறது, அம்மா சமையல் குறிப்புத் தேடுகிறார் என்று நினைப்பேன். முன்பக்கத்தை வாசித்து அவர் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. உள்பக்கத்தை வாசித்தால் இரவுக்கு ஒரு விளக்கு எரியும்.

இனி அந்தக் கொப்பி. அம்மாவும் இந்தப் பாடசாலையின் பழைய மாணவிதான். 1960களின் தொடக்கத்தில் மனையியல் ரீச்சர், வாரத்துக்கு ஒரு குறிப்பு பேப்பரிலிருந்து வெட்டி ஒட்டிக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். முதல் இருபது பக்கத்திலும் ரீச்சரின் கையொப்பம் இருக்கிறது. பாடசாலை முடிந்தது, கையொப்பம் நின்றது, ஒட்டுவது நிற்கவில்லை. தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்று முடிய இன்னொன்றைச் சேர்த்துத் தைத்து, முப்பது வருடத்துக்கு மேல் ஒட்டியிருக்கிறார். கோதுமை மாப் பசை. அந்தப் பசை இப்போது விடுபடத் தொடங்கிவிட்டது. அதனால் துண்டுகளின் முதுகுப் பக்கம் தெரிகிறது.

அந்த முதுகுப் பக்கங்களை நான் போன வருடந்தான் பார்த்தேன். தோசைக் குறிப்பின் பின்னால் பாதிப் பரீட்சை முடிவு. கறை போக்கும் குறிப்பின் பின்னால் செத்தல் மிளகாயின் சந்தை விலை, அந்தர் ஒன்றுக்கு என்ற சொல்லோடு அறுந்துவிட்டது. இறுதிக்கிரியைகள் நாளை காலை என்று ஒரு துண்டில் இருக்கிறது. யாருடைய என்பது கத்தரிக்கோலின் மற்றப் பக்கத்தில் போய்விட்டது. சேமியாப் பாசத்தின் பின்னால் ஒரு தலைப்பின் பாதி, எந்தத் தேர்தல் என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

1981இல் மே முடிந்து ஜூன் பிறந்த அந்த இரவுகளில் பொது நூலகம் எரிந்தது உலகத்துக்கே தெரியும். ஏறத்தாழ 97,000 நூல்கள் என்பார்கள். அதே நாள்களில் ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பேப்பரைக் கட்டிக் காக்க வேண்டிய இடங்கள் இரண்டும் போய்விட்டன. 2005 முதல் நூலகம் எண்ணிம நூலகத்தார் பழைய ஈழநாட்டையும் சிரித்திரனையும் தேடித் தேடி இணையத்தில் ஏற்றுகிறார்கள், பெரிய காரியம். ஆனால் அவர்களும் வீடுகளிலிருந்து வருவதை வைத்துத்தானே ஏற்ற முடியும். வீடுகளில் முழுப் பேப்பரை யார் வைத்திருந்தார்கள்? அலுமாரித் தட்டில் விரித்தோம், பிட்டுக் கட்டினோம், கண்ணாடி துடைத்தோம். வெட்டி எடுத்து ஒட்டினது மட்டும் மிஞ்சியது. அதை வெட்டினவர்கள் பெண்கள். எங்கள் உறவினர் ஒருவர் வீட்டுப் பரணில் பழைய பேப்பர்க் கட்டு ஒன்று அகப்பட்டது. உள்பக்கங்களில் நீள்சதுரமாக ஓட்டை ஓட்டையாக இருந்தது. மாமாவுக்கு ஒரே கவலை, பேப்பர் பழுதாகிவிட்டதென்று. எனக்கு அந்த ஓட்டைகளைப் பார்க்க, மாமி எதை வெட்டியிருப்பார் என்பதுதான் யோசனையாக இருந்தது. கேட்க மாமி இல்லை.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி நாங்கள் எல்லாரும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, அம்மாவின் பையில் பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, என் பள்ளி அறிக்கைகள், இந்தக் கொப்பி. மழை. பையின் பாரம் தாங்காமல், "இதை ஏனம்மா காவிறியள்?" என்று நான் கேட்டேன். "போற இடத்திலயும் சமைக்கத்தானே வேணும்" என்றார். வேறு விளக்கம் அவர் சொல்லவில்லை, நானும் அவருக்காகப் பெரிய விளக்கம் எதுவும் சொல்லப்போவதில்லை.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. சில நாள்களில் என் பெயரைத் தங்கையின் பெயரோடு மாற்றுகிறார். ஒரு வைத்தியராக எனக்கு அது எங்கே போகும் என்று தெரியும். மாலையில் கொப்பியை விரித்து ஒவ்வொன்றாக வாசிப்பேன். பகிடிகளுக்கு முடிவு வருமுன்னரே சிரித்துவிடுகிறார். மரவள்ளிக் குறிப்பை வாசித்தால், நான் கடைசி வரிக்கு வரமுன்னர், "மூடாத, மூடாத" என்று கையை ஆட்டுகிறார்.

அக்காமாரே, தங்கைமாரே, அந்த மனையியல் ரீச்சரிடம் படித்தவர்கள் அம்மா ஒருவர் மட்டும் அல்ல. அந்தக் காலத்தில் இந்தப் பாடசாலையில் படித்த ஒவ்வொருவரும் ஒரு கொப்பி தொடங்கியிருக்க வேண்டும். அவை இப்போது ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் கொக்குவிலிலும் யாரோ ஒருவரின் அலுமாரியில் கிடக்கின்றன. சென்ற வருடம் என் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயார் காலமானபோது, வீடு துப்புரவாக்க வந்தவர்கள் இரண்டு நாளில் வளவுக்குள் எல்லாவற்றையும் போட்டுக் கொளுத்திவிட்டார்கள். தோழி விமானத்தில் இருந்தாள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நூற்றாண்டை ஒட்டிச் சங்கம் இந்தக் கொப்பிகளின் படங்களைச் சேர்க்கச் சம்மதித்திருக்கிறது. கொப்பியைத் தர வேண்டாம், அது வீட்டிலேயே இருக்கட்டும். பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். கழன்று கிடக்கிற துண்டென்றால் முதுகுப் பக்கத்தையும் எடுங்கள். ஒட்டியிருப்பதைப் பிய்க்க வேண்டாம், பிளாஸ்ரிக் உறை போட்டுச் சூடு காட்டி ஒட்டவும் வேண்டாம். சிரிப்பு வராத பகிடியையும் விடாதீர்கள். ஓரத்தில் அம்மா பென்சிலால் எழுதியிருந்தால், உப்புக் காணாது, இவருக்குப் பிடிக்கவில்லை, பக்கத்து வீட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்று எது இருந்தாலும் தெளிவாகத் தெரியும்படி எடுங்கள். திகதி தெரியாவிட்டால் பரவாயில்லை. முதல் படத்தோடு அம்மாவின் பெயரையும் ஊரையும் எழுதி அனுப்புங்கள். திருமதி போட்டு அப்பாவின் பெயரை எழுதாமல், அம்மாவின் சொந்தப் பெயரை எழுதுங்கள்.